'அடாப்டேஷன்' படம் பார்த்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு நண்பரின் பழைய வீட்டு வளவில், அதாவது நடு முற்றத்தில், அவ்வப்போது படம் போடுகிறோம். ஒரு திரை, ஒரு புரொஜெக்டர், உட்கார ஆத்தங்குடிக் கல் தரை. அவ்வளவுதான் ஏற்பாடு. இதுவரை போட்டதில் அதிகச் சந்தேகம் கிளப்பியது 2002-ல் வந்த 'அடாப்டேஷன்'. எழுத முடியாமல் திண்டாடும் ஒரு திரைக்கதை ஆசிரியரின் கதை. அன்று ராத்திரி கேட்டதையே மறுநாள் டீக்கடையில் கேட்டார்கள், அப்புறம் போனில், அப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில். சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகள் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இருக்கின்றன. முதல் மூன்றுக்குப் பிறகு படத்தின் ரகசியங்கள் எல்லாம் உடையும். இன்னும் பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படத்தோட கதைதான் என்ன? ஒரு வரியில சொல்லுங்க.

சார்லி காஃப்மன் என்ற திரைக்கதை ஆசிரியரிடம் ஆர்க்கிட் பூக்களைப் பற்றிய ஒரு புத்தகத்தைக் கொடுத்து, படமாக எழுதித் தரச் சொல்கிறார்கள். அருமையான புத்தகம். ஆனால் அதில் கதை என்று ஒன்று இல்லை. எழுத உட்காருகிறார், நகரவில்லை. எங்கே ஸ்கிரிப்ட் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டில் வந்து தங்கியிருக்கும் இரட்டைச் சகோதரன் டொனால்ட் வேறு, திடீரென்று நானும் திரைக்கதை எழுதப்போகிறேன் என்கிறான், எழுதியும் தள்ளுகிறான். வேறு வழி தெரியாமல், எழுத முடியாமல் தவிக்கும் தன்னையே சார்லி ஸ்கிரிப்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறார். நாம் பார்ப்பது அந்த ஸ்கிரிப்டைத்தான்.

ஒரு வரியில் கேட்டீர்கள். ஒன்லைனுக்குள் அடங்காததுதான் சார்லியின் பிரச்சினையும்.

வீட்டோட உட்கார்ந்து பார்க்கலாமா? சின்னப் பிள்ளைங்க இருக்கு.

வேண்டாம். சார்லியின் தனிமைக் கற்பனைகள், போதைப் பொருள், தூக்கிவாரிப்போடும் கார் விபத்து எல்லாம் உண்டு. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் போடுங்கள்.

முதல் அரைமணி நேரம் ஒண்ணுமே புரியலை. எப்ப எது நடக்குது?

இரண்டு காலம் மாறி மாறி வருகிறது. ஒன்று, நியூயார்க் பத்திரிகையாளர் சூசன் ஆர்லீன் ஃபுளோரிடாவுக்குப் போய், ஆர்க்கிட் திருடிய ஜான் லரோஷ் என்ற ஆளைச் சந்தித்துப் புத்தகம் எழுதும் காலம். இன்னொன்று, சில வருடம் கழித்து லாஸ் ஏஞ்சல்ஸில் சார்லி அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் காலம். மாறும்போது திரையில் எழுத்தில் போடுகிறார்கள். சப்டைட்டிலில் கண்ணை வைத்திருந்தால் அது தப்பிவிடும், அதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

இடையில் ஒரு தடவை 'நானூறு கோடியே நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு' என்று போட்டு, உலகில் உயிர் தோன்றுவதைக் காட்டுகிறார்கள். அது தப்பாக ஒட்டிய ரீல் இல்லை. நான் எப்படி இந்த நிலைக்கு வந்தேன் என்று சார்லி யோசிக்கிறார், யோசனை அவ்வளவு தூரம் பின்னால் போய்விடுகிறது. கதையை எங்கே தொடங்குவது என்று தெரியாத ஒருவர் அங்கேதான் போய் நிற்பார்.

இது உண்மைக் கதையா?

பாதி உண்மை. எந்தப் பாதி என்பதில்தான் சண்டை. சார்லி காஃப்மன் நிஜமான திரைக்கதை ஆசிரியர். இந்தப் படத்தை எழுதியதே அவர்தான், இயக்கியவர் ஸ்பைக் ஜோன்ஸ். இருவரும் சேர்ந்த முந்தைய படம் 1999-ல் வந்தது. அதன் படப்பிடிப்புத் தளத்தையே இந்தப் படத்தின் தொடக்கத்தில் காட்டுகிறார்கள். சூசன் ஆர்லீனும் நிஜம். லரோஷைப் பற்றி 1995-ல் 'நியூயார்க்கர்' இதழில் எழுதினார், 1998-ல் அது 'தி ஆர்க்கிட் தீஃப்' என்ற புத்தகமாக வந்தது. லரோஷும் நிஜம். செமினோல் பழங்குடியினர் மூவரோடு ஃபுளோரிடாவின் ஃபகஹாச்சி சதுப்புக் காட்டிலிருந்து அரிய ஆர்க்கிட்களைத் தலையணை உறைகளில் போட்டுக் கொண்டுவந்தபோது, 1994-ல் பிடிபட்டவர்.

எழுத முடியாமல் நின்றதும் நிஜம்தான். புத்தகத்தைப் படமாக்கும் வேலை நிஜமாகவே காஃப்மனிடம் வந்தது, நிஜமாகவே நகரவில்லை. வேலை கொடுத்தவர்களிடம் சொல்லாமல் தன்னையே பாத்திரமாக எழுதி நீட்டிவிட்டார். நம் ஊரில் ஒரு தயாரிப்பாளரிடம் இப்படிச் செய்து பாருங்கள்!

அப்ப டொனால்டும் உண்மையா? டைட்டில்ல பேர் வருதே, செத்துப்போனதா அஞ்சலி வேற போட்டாங்களே?

இல்லை. டொனால்ட் முழுக் கற்பனை. காஃப்மனுக்கு அப்படி ஓர் இரட்டைச் சகோதரன் கிடையாது. ஆனாலும் திரைக்கதை 'சார்லி காஃப்மன், டொனால்ட் காஃப்மன்' என்று இரண்டு பேருடைய பெயரில் வருகிறது. கடைசியில் வரும் நினைவஞ்சலியும் இல்லாத ஆளுக்குத்தான்.

விளையாட்டு அதோடு நிற்கவில்லை. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரை இருவர் பெயருக்கும் வந்தது. இல்லாத ஒருவர் ஆஸ்கர் பட்டியலில் ஏறினார். விருது 'தி பியானிஸ்ட்' படத்துக்குப் போய்விட்டது. கிடைத்திருந்தால் இரண்டாவது சிலையை யார் கையில் கொடுத்திருப்பார்களோ. லரோஷாக நடித்த கிறிஸ் கூப்பருக்குத் துணை நடிகர் ஆஸ்கர் கிடைத்தது. முன்பல் இல்லாமல் வருவாரே, அவர்தான்.

ரெண்டு பேரும் ஒரே நடிகராம்ல. எது சார்லி, எது டொனால்டுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேட்டது ஓர் ஆச்சி. இரட்டை வேடம் என்றால் ஒருவருக்கு மச்சமோ மீசையோ வைத்துவிடுவது நமக்குப் பழக்கம். இங்கே அதெல்லாம் இல்லை. நிக்கோலஸ் கேஜ் இரண்டுக்கும் ஒரே முகம், ஒரே வழுக்கையோடு வருகிறார். உடம்பைப் பாருங்கள். சார்லி தோளைக் குறுக்கி, வேர்த்துக்கொண்டு, யாராவது பார்த்தால் கண்ணைத் தாழ்த்துவார். டொனால்ட் தரையில் கையைக் காலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு சிரிப்பான். ஆச்சி இரண்டாவது தடவை பார்த்தபோது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர்தான் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எழுதத் தெரிஞ்சவனுக்கு எப்படிங்க எழுத வராமப் போகும்? சோம்பேறித்தனத்துக்குப் பேர் வைக்கிறாங்களா?

பேரேடும் ஐந்தொகையுமாக வாழ்ந்த ஒரு பெரியவர் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் சோம்பேறி எழுதாமல் நிம்மதியாக இருப்பான், சார்லிக்கு அந்த நிம்மதி இல்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்ததுமே மனசு பேரத்தைத் தொடங்குகிறது: காபி குடித்தால் யோசனை வரும். இல்லை, முதலில் கொஞ்சம் எழுதிவிட்டு அப்புறம் காபி. காபியோடு ஒரு மஃபின். என்ன மஃபின் என்பது வரை முடிவாகிறது, காகிதம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. எழுதிப் பார்த்தவர்கள் அந்த இடத்தில்தான் சத்தமாகச் சிரித்தார்கள்.

ஆனால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அவருக்குக் கதை வராமல் இல்லை, வந்துகொண்டேதான் இருக்கிறது. பூவிலிருந்து தொடங்கலாம், டார்வினிலிருந்து தொடங்கலாம், உயிர் தோன்றியதிலிருந்து தொடங்கலாம். டேப் ரெக்கார்டரில் ஆவேசமாகப் பேசிப் பதிவு செய்கிறார், அப்புறம் அதுவே பிடிக்காமல் போகிறது. வருகிற ஒவ்வொன்றுக்கும் அவரே ஒரு குறை கண்டுபிடித்துத் தள்ளிவிடுகிறார். படத்தின் தொடக்கத்தில் ஸ்டூடியோ அம்மாவிடம் (டில்டா ஸ்விண்டன்) ஒரு பட்டியலே போடுகிறார்: செக்ஸ் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், கார் துரத்தல் வேண்டாம், ஆர்க்கிடைப் போதைக் கடத்தலாக மாற்ற வேண்டாம், யாரும் வாழ்க்கைப் பாடம் கற்றுத் திருந்தவும் வேண்டாம். எல்லாம் உயர்ந்த கொள்கைதான். ஆனால் என்ன வேண்டும் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. என்னைக் கேட்டால் முழுப்படமும் அங்கேயே இருக்கிறது. பட்டியலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம்மாளுங்க ரூம் போட்டு பத்துப் பேர் உட்கார்ந்து கதை பேசுவாங்க. இவன் ஏன் ஒத்தையில கெடந்து சாகுறான்?

கோடம்பாக்கத்தில் கொஞ்ச நாள் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு தம்பி கேட்டது. நம் கதை டிஸ்கஷனில் ஒருவருக்கு அடைத்தால் இன்னொருவர் எதையாவது எடுத்துவிடுவார். அது அபத்தமாக இருந்தாலும், அதை மறுப்பதற்காகவாவது மற்றவர்கள் வாய் திறப்பார்கள். சார்லியின் வீட்டிலேயே அப்படிப் பேச ஓர் ஆள் இருக்கிறான். ஆனால் டொனால்ட் எழுதுவது கொலைகாரன், போலீஸ், சிக்கியிருக்கும் பெண் மூவரும் ஒரே ஆள் என்ற த்ரில்லர். அவன் என்ன சொன்னாலும் சார்லிக்கு எரிச்சல்தான் வருகிறது.

திருப்பம் எங்கே வருகிறது பாருங்கள். திரைக்கதை வகுப்பு நடத்தும் மெக்கீயோடு மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, சகோதரனைப் பற்றிச் சார்லி சொல்கிறார். 'காசாபிளாங்கா' எழுதியவர்களும் இரட்டையர்கள்தான் என்று மெக்கீ எடுத்துவிடுகிறார். அது உண்மை: ஜூலியஸ் எப்ஸ்டீன், பிலிப் எப்ஸ்டீன் (ஹோவர்ட் காக் என்பவருக்கும் அதில் பங்கு உண்டு). அதற்கப்புறம்தான் சார்லி போனை எடுத்து டொனால்டை நியூயார்க்குக்கு வரச் சொல்கிறார். ஸ்கிரிப்டைக் கொடுத்து, நீயாக இருந்தால் எப்படி முடிப்பாய் என்று கேட்கிறார். அதுவரை அசையாத கதை அங்கே நகர்கிறது. டிஸ்கஷனுக்கு ஒரே ஒரு ஆள் போதுமாக இருந்தது, அவனையும் கடைசி வரை கேட்காமல் வைத்திருந்தார்.

வகுப்புல கத்துறாரே, அந்த மெக்கீ நடிகரா நிஜ ஆளா?

ஆள் நிஜம், நடித்தது பிரையன் காக்ஸ். ராபர்ட் மெக்கீ பல நாடுகளில் திரைக்கதை வகுப்பு நடத்தியவர். 1997-ல் வந்த அவருடைய 'ஸ்டோரி' என்ற பாடப்புத்தகம் சென்னையில் உதவி இயக்குநர்கள் அறையிலும் கிடக்கும், பெரும்பாலும் ஜெராக்ஸாக. அவர் சம்மதத்தோடுதான் இப்படிக் காட்டியிருக்கிறார்கள்.

அந்த வகுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. சார்லி உட்கார்ந்து மனசுக்குள் புலம்புகிறார், நமக்கு அது வாய்ஸ் ஓவராகக் கேட்கிறது. மேடையில் மெக்கீ, வாய்ஸ் ஓவர் வைக்கிறவன் எழுதத் தெரியாதவன் என்கிற அர்த்தத்தில் வெடிக்கிறார். சார்லியின் குரல் அப்படியே நின்றுவிடுகிறது. சப்டைட்டில் இல்லாமலே புரிந்த இடம் அது.

நல்லா போயிட்டிருந்த படம் கடைசியில ஏன் மசாலாவா ஆயிடுச்சு? டைரக்டரை மாத்திட்டாங்களா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். டைரக்டர் மாறவில்லை. படத்துக்குள் எழுதுகிற கை மாறிவிட்டது. டொனால்ட் நியூயார்க் வந்து இறங்கியதிலிருந்து படம் டொனால்ட் எழுதிய படம் மாதிரி நடந்துகொள்கிறது. வேவு பார்த்தல், ரகசியக் காதல், ஆர்க்கிடிலிருந்து எடுக்கும் போதைப் பொடி, சதுப்பு நிலத்தில் துப்பாக்கியோடு துரத்தல், சாவு, அதற்கப்புறம் ஞானம். சார்லி வேண்டாம் என்று போட்ட பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக டிக் அடித்துப் பாருங்கள், ஒன்றுகூட விட்டுப்போகாது.

மெக்கீ சொல்கிற ஒரு விதி, முடிச்சை அவிழ்க்க ஆகாயத்திலிருந்து எதையும் இறக்கக் கூடாது என்பது. மறுபடியும் படத்தைப் பாருங்கள்: சார்லி சாகப்போகிற நேரத்தில் எங்கிருந்தோ ஒரு முதலை வந்து லரோஷை இழுத்துக்கொள்கிறது. நாங்கள் போட்ட அன்று அந்த இடத்தில் பின்வரிசையில் விசில் பறந்தது. கிண்டல் என்று புரிந்து அடித்தார்களா, நிஜமாகவே குஷியானார்களா என்று கேட்டால் இரண்டும் உண்டு. படத்துக்கு வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் படம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்லாது. டைட்டிலில் இரண்டு பெயர் போட்டதோடு சரி.

உயிரோட இருக்கிற ஒரு எழுத்தாளரைப் போதை அடிக்கிறவளா, கொலைக்குத் துணிஞ்சவளாக் காட்டியிருக்காங்களே, கேஸ் போடலையா?

போடவில்லை. சூசன் ஆர்லீன் முதலில் மறுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். அந்தக் காதல், போதை, துப்பாக்கி எல்லாம் கற்பனை. படத்தில் பேய் ஆர்க்கிட் என்ற அபூர்வப் பூவை அவர் நேரில் பார்க்கிறார். நிஜத்தில் சதுப்பில் இறங்கித் தேடியும் அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஒருத்தர் எழுதுன புத்தகத்தை இப்படியா மாத்துறது? கம்பன் விழா நடக்குற ஊர்ல உட்கார்ந்துகிட்டு இதைப் பாராட்டுறீங்களே?

கம்பன் ஊரில் உட்கார்ந்திருப்பதால்தான் பாராட்டுகிறேன். சா. கணேசன் 1939-ல் இங்கே கம்பன் கழகம் தொடங்கியதிலிருந்து நம் ஊர் மேடைகளில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது என்ன? வால்மீகியில் இப்படி, கம்பனில் இப்படி என்பதுதானே. வால்மீகியின் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான், கம்பனின் ராவணன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகிறான். இரணியன் வதைப் படலம் வால்மீகியில் கிடையாது. ஆனால் பாயிரத்தில் கம்பர் என்ன சொல்கிறார்? 'முந்திய நாவினான் உரையின்படி'தான் சொல்கிறேன் என்கிறார்! அதே பாயிரத்தில், பாற்கடலை முழுக்க நக்கிக் குடித்துவிடலாம் என்று போன பூனை மாதிரி ஆசையால் துணிந்தேன் என்றும் சொல்கிறார். சார்லி புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு விழிக்கிற ஒவ்வொரு காட்சியிலும் எனக்கு அந்தப் பூனைதான் ஞாபகம் வந்தது. கம்பர் அந்தப் பயத்தை ஒரு பாட்டில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார், சார்லி அதையே படமாக்கிவிட்டார்.

அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. கம்பர் மாற்றியது ராமனுக்காகவும் சீதைக்காகவும். காஃப்மன் மாற்றியதில் சூசனுக்கு எந்த நன்மையும் இல்லை. அந்தக் குறை எனக்கும் உண்டு.

நம்ம ஏவி.எம். காரைக்குடியில எடுத்த 'நாம் இருவர்'கூட நாடகத்துல இருந்து வந்ததுதான். அங்கெல்லாம் இந்தத் தலைவலி இருந்த மாதிரி தெரியலையே?

நல்ல பாயின்ட். மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை சாலையில் ஸ்டூடியோ வைத்திருந்தபோது எடுத்து, 1947-ல் வந்த படம், ப. நீலகண்டனின் நாடகம். நாடகத்தில் ஏற்கெனவே பாத்திரம், மோதல், முடிவு எல்லாம் தயாராக இருக்கும். ஜனங்கள் எங்கே கைதட்டினார்கள் என்பதுவரை தெரியும். ஆர்லீனின் புத்தகமோ பூ, சட்டம், சதுப்பு நிலம், ஒரு விசித்திர மனிதன் என்று அலைகிற கட்டுரை. அப்படிப்பட்ட ஒன்றை அன்றைக்கு இங்கே கொண்டுவந்து கொடுத்திருந்தால் நம் ஆட்களும் திணறித்தான் இருப்பார்கள். அல்லது பாதியில் ஒரு நடனத்தை வைத்துத் தாண்டியிருப்பார்கள். அதுவும் ஒரு வழிதான்.

இதே மாதிரி வேற படம் இருக்கா?

'பார்ட்டன் ஃபிங்க்', 1991. மல்யுத்தப் படம் எழுத வந்து, ஹோட்டல் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கதை. கோயன் சகோதரர்கள் வேறொரு ஸ்கிரிப்டில் சிக்கி நின்றபோது, அதை வைத்துவிட்டு இதை எழுதினார்கள். கான் விழாவின் தங்கப் பனை இதற்குத்தான் கிடைத்தது. இதைவிட இருட்டான படம். ராத்திரி தனியாகப் பார்க்காதீர்கள்.

எனக்கும் கதை பாதியில நிக்குது அண்ணே. செட்டிநாட்டு வீட்டுல ஒரு பத்து நாள் தங்குனா வருமா?

சென்னையிலிருந்து இப்படி யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாருங்கள், பல்லவன் ரயிலில் ஏறினால் காரைக்குடிதான். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: முகப்பில் உட்கார்ந்தால் தேக்குத் தூணைப் பார்ப்பீர்கள், வளவுக்குப் போனால் வானத்தைப் பார்ப்பீர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதையும் பார்க்க மாட்டீர்கள். மூன்றாம் நாள் உங்கள் கதையில் ஒரு பண்ணையார் நுழைந்திருப்பார். சார்லியும் இடம் மாறிப் பார்த்தார். சூசனைச் சந்திக்கத்தான் நியூயார்க் போனார். லிஃப்டில் பக்கத்திலேயே நின்றும் ஒரு வார்த்தை பேச வரவில்லை.

வருவதானால் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்களைவிடப் பெரிய அறிவாளியாக இருக்க வேண்டாம், மட்டமான யோசனையைக் கூச்சப்படாமல் சொல்கிறவராக இருந்தால் போதும். ஏன் என்பதை ரூம் போடும் கேள்விக்கான பதிலில் சொல்லிவிட்டேன்.

கடைசியில சந்தோஷமா கார் ஓட்டிட்டுப் போறாரே, முடிவா அவர் எழுதுனது நல்ல படமா, மோசமான படமா?

இங்கே இரண்டு கட்சி இருக்கிறது. கடைசி அரைமணி நேரம் ஹாலிவுட்டைக் கிண்டல் செய்கிறது, ஆகவே மட்டமாக இருப்பதே அதன் வெற்றி என்பது ஒரு கட்சி. கிண்டலுக்காக எடுத்தாலும் மட்டம் மட்டம்தான், டிக்கெட் வாங்கியவன் பார்ப்பது அதைத்தானே என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சி சொல்வதை என்னால் தள்ள முடியவில்லை. முக்கியமாக சூசன் விஷயத்தில்.

ஆனால் அந்தச் சதுப்பில், துப்பாக்கிக்குப் பயந்து ஒளிந்திருக்கும்போது சகோதரர்கள் பேசிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் டொனால்ட் நேசித்த பெண் அவன் முதுகுக்குப் பின்னால் அவனைக் கேலி செய்து சிரித்தாள், அதைச் சார்லி பார்த்திருக்கிறார். அது எனக்கும் தெரியும் என்கிறான் டொனால்ட். நேசம் என்னுடையது, அதை எடுத்துக்கொள்ளும் உரிமை அவளுக்குக்கூடக் கிடையாது என்கிற மாதிரி சொல்கிறான். சார்லி உடைந்துபோகிறார். படத்திலேயே மிக நல்ல காட்சி அதுதான் என்பேன். அது குப்பை என்று நாம் ஒதுக்குகிற பகுதிக்குள், பட்டியலில் வேண்டாம் என்று சொன்ன வாழ்க்கைப் பாடமாகவே வருகிறது. முதல் பாதிச் சார்லிக்கு அந்த வசனம் தோன்றியிருந்தாலும், மறுநாள் காலையில் அடித்து நீக்கியிருப்பார்.